சுவருக்கு வைத்த கஞ்சி

தணிகாசலம் தன் மச்சான் வீட்டுச் சிமெண்டில் ரைஸ்மில் சாம்பலைக் கலந்து பூசிவிட்டான், அதனால்தான் வடக்குச் சுவர் முழுக்கப் பாசி பிடித்துப் பச்சையும் கருப்புமாக நிற்கிறது என்ற பேச்சை அவன் மனைவி காந்திமதியின் காதுக்குக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுக் கனகம். கனகமும் அதை நேரில் கேட்டவள் இல்லை. வாலாஜாபாத் மார்க்கெட்டில் கீரைக்கட்டு பேரம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அவளுடைய நாத்தனார் காதில் விழுந்ததாம். யார் சொன்னது என்று நாத்தனாருக்கும் தெரியாது.

"நான் சொல்லலமே காந்தி, ஊரு சொல்லுது," என்று கனகம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஜன்னலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு இடம் மட்டும் வெள்ளையா கீதே, அங்க மட்டும் அசல் சிமெண்டாம். மீதியெல்லாம் உமிச் சாம்பலாம்."

"அந்த எடத்துக்கு மட்டும் இன்னா அப்படி ஒசத்தி?"

"உன் தம்பி அங்க நின்னுதான போட்டோ புடிச்சிகினான்? போட்டோல சுவரு நல்லா விழணும்னு உங்காளு கணக்குப் போட்டுட்டாராம்."

காந்திமதிக்குச் சிரிப்புதான் வந்தது. கனகமும் சிரித்தாள். போகும்போது வேலிப்படலைச் சாத்திவிட்டு, "தேய்க்கவும் வுடமாட்றியாமே சுவத்த? அதையும் சேத்துச் சொல்றாளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு காந்திமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவரைத் தேய்க்க விடாதவள் அவள்தான். அது உண்மை.

வடக்குப்பட்டில் அந்தத் தெருவுக்கு முதல் மொட்டைமாடி வீடு அது. கட்டியது தம்பி ரகுபதி. அதாவது ஷார்ஜாவில் வெல்டிங் செய்து பணம் அனுப்பியவன் அவன். அம்மா இறந்தபோது ரகுபதி காந்திமதியின் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. அவளுக்குக் கல்யாணம் பேசியபோதே, தம்பியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். வந்த வரன்கள் அந்த ஒரு பேச்சிலேயே எழுந்து போயின. தணிகாசலம் மட்டும், "அப்ப நான் அங்க வந்துடறேன்," என்று சொன்னான். வாலாஜாபாத்தில் அவனுக்கு அண்ணன் தம்பிகள் நான்கு பேர். ஒருத்தன் குறைந்தால் வீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். ஊர் அவனுக்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. அதை அவன் காதில் வாங்கினமாதிரியே காட்டிக்கொண்டதில்லை. வாலாஜாபாத் ரைஸ்மில்லில் பாய்லர் பார்த்தான். காந்திமதிக்குக் குழந்தை தங்கவில்லை. ரகுபதியைப் படிக்க வைத்து, ஐ.டி.ஐ. சேர்த்து, மறைமலை நகர்க் கம்பெனி ஒன்றில் அப்ரெண்டிஸாக நுழைத்தது தணிகாசலம்தான். அங்கே கற்ற வெல்டிங்தான் ரகுபதியை ஷார்ஜாவுக்குக் கொண்டுபோனது.

வீடு கட்டும்போது மேற்பார்வையும் அவனே. மில் வேலை முடிந்து வந்து, மணல் சலிப்பதைப் பார்ப்பான், மூட்டை எண்ணுவான், தசரதன் மேஸ்திரியோடு பீடி பிடிப்பான். காந்திமதியின் வேலை தண்ணீர் ஊற்றுவது. பூசின சுவர் காய்ந்துபோனால் வெடிப்பு விடும், வேளாவேளைக்குத் தண்ணி காட்டணும்மா என்று மேஸ்திரி சொன்னதுதான் தாமதம், கிணற்றுக்கும் சுவருக்குமாக அவள் நடையாய் நடந்தாள். சாணம் மெழுகின மண்சுவருக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு, ராத்திரியில் கைவைத்தால் குளிர்ந்துகிடக்கும் அந்தச் சிமெண்டுச் சுவர் ஏதோ ஓர் உயிருள்ள ஜீவன் மாதிரி இருந்தது.

மறுநாளே கனகத்தின் பேச்சு பழையதாகிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆகவில்லை. ரேஷன் கடை வரிசையில், "சாம்பல் வூட்டம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு," என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. கார்த்திகை மாதத்து அடைமழையில் சுவர் வேறு ஒவ்வொரு நாளும் கூடுதலாகப் பச்சை காட்டியது. மாடித் தண்ணீர் இறங்கும் தூம்பு குட்டையாக இருந்ததால் வழிகிற தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கியது. அது இறங்கின தடமெல்லாம் கருப்பு நாக்கு நாக்காகத் தொங்கியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் அந்த வெள்ளைத் துண்டு மட்டும், பேசுகிறவர்களுக்குச் சாட்சி சொல்வதுபோல, பளிச்சென்று இருந்தது.

தணிகாசலத்திடம் அவள் இதைச் சொல்லவில்லை. அவனுக்கும் மில்லில் யாரோ சொல்லியிருப்பார்கள். அவனும் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சுவரைப் பார்த்தபடி, "ஒரு இரும்பு பிரஷ் வாங்கியாந்து தேச்சி வுட்டுட்டா இன்னா?" என்று மறுபடியும் கேட்டான்.

"வேணாம். தேச்சா காரை பேந்துடும்."

"சிமெண்டுடி அது. மண்ணு சுவருன்னு நெனச்சிகினியா?"

"பொங்கலுக்கு ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிச்சிக்கலாம். வுடுயா."

அவன் விட்டுவிட்டான். அவன் எதையுமே விட்டுவிடுகிறவன்தான். ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது காந்திமதிக்கு ஒரு எண்ணம் வந்தது. தேய்க்கலாம் என்று கேட்டவன், வேண்டாம் என்றதும் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டான்? வந்த எண்ணத்தை அப்போதே உதறியிருக்க வேண்டும். உதறவில்லை.

பேச்சு ஷார்ஜாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ரகுபதி தங்கியிருந்த ரூமில் வாலாஜாபாத் பக்கத்து ஆள் ஒருவன் லீவு முடிந்து திரும்பியிருந்தான். ஊறுகாயும் முறுக்கும் கொண்டுபோனவன் இதையும் கொண்டுபோயிருக்கிறான். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலும் போன் கிடையாது. ரகுபதி பேசவேண்டுமென்றால் ரைஸ்மில் ஆபீசுக்குத்தான் கூப்பிடுவான். இந்த ஞாயிற்றுக்கிழமை இத்தனை மணிக்கு அக்காவை வரச்சொல்லு என்று முன்னாடியே ஒருதரம் சொல்லிவைப்பான். அந்த ஞாயிறும் அப்படித்தான். அவளும் தணிகாசலமும் ஒன்றாகவே பஸ் ஏறிப் போனார்கள். வருஷத் தொடக்கத்தில் வளைகுடாவில் சண்டை நடந்தபோது, இதே மில் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து தம்பி குரல் வருமா வராதா என்று அவள் அழுதிருக்கிறாள். அப்போது தணிகாசலம் பாய்லர் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றான்.

இந்தத் தடவையும் பக்கத்தில்தான் நின்றான். போனைக் கணக்குப்பிள்ளை எடுத்து அவளிடம் நீட்டினார். லைன் கரகரத்தது. கத்திப் பேசினால்தான் கேட்கும். அந்தப் பக்கம் ரகுபதி கத்திய கத்தல் ரிசீவரைத் தாண்டி ஆபீஸ் முழுக்க விழுந்தது.

"அக்கா, சுவரு கதை இன்னாக்கா? ரூம்ல எல்லாம் சிரிக்கிறானுங்க. மாமா சாம்பல் கலந்துட்டாராமே?"

"யாருடா சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பச்சையா கீதா இல்லையா? அத சொல்லு."

"கீது. மழைக்காலம்டா, பாசி புடிச்சிகீது."

"அப்ப நடுவால மட்டும் ஏன் புடிக்கல?" ரகுபதி விடவில்லை. "நான் மாமாவ கேக்க மாட்டேன்க்கா. உன்னத்தான் கேக்கறேன். நீ சொன்னா சரி. மாமா செஞ்சிருப்பாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. வாயில் தயாராக இருந்த வார்த்தைதான். ஆனால் அந்தக் கரகரப்புக்கு நடுவில், அன்று சாப்பிட்ட கையோடு சுவரைப் பார்த்து நின்ற அவன் முகம் ஏன் அவள் கண்முன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரியலையேடா," என்றாள்.

ஷார்ஜாவுக்குக் கேட்கவேண்டுமே என்று அதையும் கத்தித்தான் சொன்னாள். கணக்குப்பிள்ளை குனிந்து பேனாவுக்கு மூடியைத் தேடினார். ரகுபதி, தை மாதம் லீவில் வருவதாகவும், வந்ததும் அந்தப் பூச்சை மொத்தமாக உடைத்துவிட்டு வேற மேஸ்திரியை வைத்துப் பூசப்போவதாகவும் சொன்னான். உடைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரே பார்க்கட்டும் என்றான். லைன் அறுந்தது.

தணிகாசலம் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தான். ஒரகடம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து அவளை உட்கார வைத்தான். "பீடி வாங்கியாறேன்," என்று இறங்கினான். பஸ் கிளம்பியது. அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது அவன் டீக்கடை ஓரமாக, கையில் பீடியும் இல்லாமல், பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று தோன்றுவதற்குள் வண்டி வளைவு திரும்பிவிட்டது.

அன்றைக்கு அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மில்லுக்கும் போகவில்லை என்று தெரிந்தது. அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. கடைசியில் துப்பு கொண்டுவந்தவளும் கனகம்தான்.

"எங்க அண்ணன் பாத்துச்சாம். மறைமலை நகர்ல ஒரு கம்பெனில லோடு எறக்கற காண்ட்ராக்ட்ல கீறாராம் உங்காளு. வூட்டுக்குப் போன்னு சொன்னதுக்கு, யாரு வூட்டுக்குன்னு கேட்டாராம்." ஒரு நம்பரையும் சொன்னாள். கம்பெனி கேட்டில் இருக்கிற போன். செக்யூரிட்டியிடம் பேரைச் சொன்னால் கூப்பிட்டு விடுவார்களாம். காந்திமதி அந்த நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? நீ செய்திருக்க மாட்டாய் என்று சொல்லலாம். மில் ஆபீசில் எல்லோர் முன்னாலும் சொல்லாததை இப்போது கேட் போனில் சொன்னால் அவன் நம்புவானா? அதைவிட, சொல்லும்போது தன் குரல் நடுங்காமல் இருக்குமா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. ரகுபதி வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். ஊருக்காக இல்லை. தனக்காக.

மழை விட்ட ஒரு காலையில் இரும்பு பிரஷ்ஷும் ஒரு பக்கெட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். கிணற்றில் போடப் பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தது. அதைக் கரைத்துச் சுவரில் அடித்து, கொஞ்சம் ஊறவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தாள். சாம்பல் கலந்த பூச்சு என்றால் மாவு மாதிரி உதிரும். அதைப் பார்க்கிற தைரியம் இல்லாமல்தான் கண்ணை மூடினாள்.

முதலில் வந்தது பச்சைக் கூழ். கையெல்லாம் வழுவழுவென்று ஒட்டியது. குளத்துப் படிக்கட்டு நாற்றம் அடித்தது. அதன் கீழே கருப்பு. அந்தக் கருப்போடு சேர்ந்து சுண்ணாம்பு, ஊறின அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. அதற்கும் கீழே சிமெண்டு. பிரஷ் அதன்மேல் பட்டபோது கிறீச்சென்று சத்தம் வந்தது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒரு பொட்டு உதிரவில்லை. ஆணி ஒன்றை எடுத்துவந்து சுத்தியலால் அடித்துப் பார்த்தாள், ஆணிதான் வளைந்தது. மேலே, கீழே, தூம்புக்கு அடியில், எங்கே தேய்த்தாலும் அதே கெட்டிச் சிமெண்டு. அவள் கிணற்றுத் தண்ணீர் குடித்து இறுகிய சிமெண்டு.

சந்தோஷப்படவேண்டிய நேரம். ஆனால் அவள் கண் வெள்ளைத் துண்டுக்குப் போனது. பூச்சில் குற்றம் இல்லையென்றால், நடுவில் அந்த இடம் மட்டும் ஏன் வெள்ளை?

ஸ்டூலை நகர்த்தி அந்த வெள்ளைத் துண்டின் பக்கம் போட்டாள். இவ்வளவு நாளும் தெருவிலிருந்து பார்த்த இடத்தை இப்போதுதான் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாள். பாசி அங்கே நேர்கோட்டில் முடியவில்லை. பூச்சு ஒட்டுப்போட்டிருந்தால் மேஸ்திரியின் கரணை நின்ற இடத்தில் ஒரு கோடு இருக்கும். இங்கே இருந்தது மட்டை போன தடம். வெள்ளையடிக்கிற தென்னமட்டையின் நார் நாரான இழுப்பு, மேலிருந்து சாய்ந்து இறங்கி, ஒரு ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் விசிறி போல முடிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இழுப்பு இடமிருந்து வலமாகச் சாய்ந்திருக்க, இது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தணிகாசலம் இடதுகைக்காரன்.

அப்போதுதான் அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள். வெள்ளையடிக்க வந்த ஆள் மற்ற மூன்று சுவரையும் முடித்துவிட்டு ஜுரம் என்று போய்விட, வடக்குச் சுவரை அவளே அடித்தாள். சுண்ணாம்பில் ஒரு தவலைக் கஞ்சி ஊற்றிக் கலக்கினாள். பிறந்தது முதல் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். கஞ்சி ஊற்றாத சுண்ணாம்பு சாய்ந்தவர்கள் முதுகில் ஒட்டும், சேலையில் ஒட்டும். ஜன்னல் வரைக்கும் அடித்து, பாத்ரூம் பக்கத்திலிருந்து திரும்ப அடித்து வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்தது. அடுத்த வாளிக்கென்று சொம்பில் வைத்திருந்த கஞ்சியைத் தேடினால், நைட் ஷிப்டு முடிந்து பசியோடு வந்த தணிகாசலம் உப்புப் போட்டுக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! சுவத்துக்கு வச்ச கஞ்சியா அது!"

"சுவரு கேட்டுச்சா உன்ன? நான் கேட்டுகினு கீறேன் காலைலருந்து."

சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது. அவனே எழுந்து வந்து, வெறும் சுண்ணாம்பைக் கரைத்து, மிச்சமிருந்த அந்த நடுத்துண்டை அடித்து முடித்தான். அங்கேதான் மறுநாள் ரகுபதி கூலிங்கிளாஸ் போட்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

போன வருஷ மழைக்குப் பாசி வந்தபோது என்ன செய்தாள்? தேய்க்காமல், அதன் மேலேயே இன்னொரு பூச்சு சுண்ணாம்பு அடித்தாள். சுவர் கெட்டியாகட்டும் என்று இந்தத் தடவை இன்னும் திக்கான கஞ்சி. நடுத்துண்டில் பாசி இல்லாததால் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

காந்திமதி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கனகம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னாமே இது, பல்லி மாதிரி காலைலருந்து சுவத்துல ஒட்டிகினு கீற? சாம்பல் கெடச்சிச்சா?"

"கஞ்சி கெடச்சிது."

"இன்னாது?"

அவள் சொன்னாள். கனகம் முகவாயில் கைவைத்துக் கேட்டாள். பிறகு தலையாட்டினாள். "கஞ்சில பாசி வருமாடி? நம்ம மண்ணு வூட்டுக்கெல்லாம் கஞ்சி ஊத்தித்தான அடிச்சோம்? எது பச்சையாச்சி?"

"அதுக்கு ஓலை எறவானம் இடுப்பு வரைக்கும் தொங்குமே கனகம். மழை எங்க பட்டுச்சி சுவத்து மேல? இது மொட்டையா நனைஞ்சிகினு நிக்குது. வெயிலும் இல்ல வடக்கால. பழைய சோறு நாலு நாள் மூடி வச்சா பூக்கல? அது மாதிரி. நான்தான் ஊட்டி ஊட்டி வளத்துகீறேன்."

கனகம் வெள்ளைத் துண்டைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள். "நீ சொல்றது கணக்கா தான் கீது," என்று இழுத்தாள். "ஆனா இத நான் போய்ச் சொன்னா எவ நம்புவா? சாம்பல்னா ஒரு ருசி கீது பேசறதுக்கு. கஞ்சின்னா இன்னா கீது?"

"எவளும் நம்ப வேணாம்."

கைகூடக் கழுவவில்லை. பிளீச்சிங் பட்ட விரல்கள் வெளுத்துச் சுருங்கி எரிந்தன. புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோடுக்கு நடந்தாள். சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் புதிதாக எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. கண்ணாடிக் கதவும் மஞ்சள் போர்டுமாக, உள்ளே மரப்பலகை வாசனை அடித்தது. பூத் வைத்திருந்த கண்ணப்பன் அவளுக்குத் தெரிந்தவன்தான்; அவனுக்கும் சாம்பல் கதை தெரிந்திருக்கும் என்பது அவன் பார்வையிலேயே இருந்தது.

"ஷார்ஜாவாக்கா? தம்பிக்கா?"

"தம்பிக்கு அப்பறம். இது மறைமலை நகரு." நம்பரைச் சொன்னாள்.

அவன் சுழற்றி, ரிங் போவதைக் கேட்டுவிட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்தான். "கேட்டு போனுன்னா லேட்டாதான் எடுப்பாங்க. ஷிப்டு மாறற நேரம் வேற."

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காதுக்குள் மணி போய்க்கொண்டிருந்தது. செக்யூரிட்டியிடம் என்ன சொல்லவேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். லோடு எறக்கற தணிகாசலம், வடக்குப்பட்டு. அவன் வந்து போனை எடுத்து, யாரு என்று கேட்டால்? வாய்யா வூட்டுக்கு என்று ஆரம்பிக்கக் கூடாது. யாரு வூட்டுக்கு என்பான். முதலில் கஞ்சியைத்தான் சொல்லவேண்டும். அன்னிக்கு நீ குடிச்சியே, அந்தக் கஞ்சி. நீ குடிச்ச எடம் மட்டும்தான்யா நல்லா கீது. மீதிய நான் கெடுத்தேன். அதற்குப் பிறகுதான் மில் ஆபீஸ். அங்கே சொன்ன வார்த்தைக்கு என்ன சொல்வது என்று மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை. பாசிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்தத் தெரியலையேடாவுக்குக் காரணம் சொல்லச் சொன்னால் அவளிடம் என்ன இருக்கிறது? சுவர் கெட்டி என்று ஆணி அடித்துப் பார்த்துவிட்டு வந்து நம்புகிறேன் என்றால் அது அவனுக்கு இன்னொரு அடியாகத்தானே விழும்?

மணி நின்றது. அவளுக்குப் பகீரென்றது. யாரும் எடுக்கவில்லை; தானாக அறுந்திருந்தது.

கண்ணப்பன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "எடுக்கலையாக்கா? சாயந்திரமா வாயேன்."

"இன்னொரு வாட்டி போடு கண்ணப்பா."

அவன் சுழற்றினான். வெளியே மறுபடியும் தூறல் பிடித்தது. கூட்டுரோட்டில் மறைமலை நகர் பக்கமிருந்து வந்த லாரிகள் தண்ணீரைச் சிதறியடித்துக்கொண்டு திரும்பின. வீட்டில் பாதி தேய்த்த சுவர் நனைந்துகொண்டிருக்கும். அவள் ரிசீவரை எரிகிற விரல்களால் இறுக்கிப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.